மருத்துவமனை வாசலிலிருந்து கூட்ட அறை வரை

குடியிலிருந்து மீள நினைக்கும் ஒருவரிடம், அவரைப் போன்றவர்கள் கூடும் குழுவின் முகவரியைக் கொடுத்துவிட்டால் அவர் அங்கே போய்ச் சேர்வாரா? 1981இல் அமெரிக்காவில் ராபர்ட் சிசன், ஜான் மல்லம்ஸ் என்ற இருவர் இதை ஒரு சிறிய ஆய்வில் சோதித்துப் பார்த்தார்கள். சிகிச்சைக்கு வந்த 20 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்குக் கூட்டம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் சொல்லி, போய்வரும்படி அறிவுறுத்தினார்கள். மற்ற பிரிவினரை ஆலோசகரின் அறையில் இருக்கும்போதே குழு உறுப்பினர் ஒருவரோடு தொலைபேசியில் பேச வைத்தார்கள். அந்த உறுப்பினர் தானே உடன் அழைத்துப்போவதாகச் சொன்னார். கூட்டத்துக்கு முன்பு ஒருமுறை நினைவூட்டவும் செய்தார். முகவரி மட்டும் பெற்ற பிரிவில் ஒருவர்கூடப் போகவில்லை. துணை கிடைத்த பிரிவில் எல்லோரும் போனார்கள்.

இருபது பேரை வைத்து எல்லோருக்குமான முடிவை எழுதிவிட முடியாது. ஆனால் கிறிஸ்டின் டிம்கோ குழுவினர் 345 நோயாளிகளிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வும் இதே பக்கம்தான் கை காட்டியது. குழுவோடு நேரடியாக அறிமுகம் செய்துவைக்கப்பட்டவர்கள் அதில் கூடுதலாக ஒட்டிக்கொண்டார்கள். அவர்களின் குடிப்பழக்கமும் கூடுதலாகக் குறைந்தது.

ஆதரவுக் குழுக்கள் பயன் தருகின்றன என்பதற்கு இன்று நல்ல சான்றுகள் இருக்கின்றன. நம் ஊரில் பல நகரங்களில் அத்தகைய குழுக்களும் இருக்கின்றன. சிகிச்சை முடித்தவரை அந்த அறைவரை அழைத்துச் செல்லும் ஆள்தான் இல்லை. குடிநோய் மீட்பில் நாம் உடனடியாகச் சரிசெய்ய வேண்டிய குறை இது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முப்பத்தெட்டில் ஒருவர்

எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதைச் சிகிச்சை மையம் நடுவண் அரசுக்காக நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. அதன்படி, 10 முதல் 75 வயதுக்குட்பட்ட இந்தியர்களில் 14.6 விழுக்காட்டினர், அதாவது சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். இவர்களில் 5.7 கோடிப் பேருக்குக் குடியினால் வந்த பாதிப்புகளுக்கு உதவி தேவைப்படுகிறது. மதுவைச் சார்ந்து வாழும் நிலைக்குப் போனவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒருவகைச் சிகிச்சை பெற்றதாகச் சொன்னார்.

தமிழ்நாட்டில் மதுவைப் பற்றிய விவாதம் பழையது. 1937இல் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தார்; 1971இல் அது தளர்த்தப்பட்டது; 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது; 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2023-24இல் மட்டும் மது விற்பனையால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,855 கோடி ரூபாய். கடையைத் திறப்பதா மூடுவதா என்ற கேள்வியில் தலைமுறைகள் கழிந்திருக்கின்றன. குடியை விட்டுவிட வேண்டும் என்று இன்று காலை முடிவெடுத்த ஒருவர் மாலையில் எங்கே போவார் என்ற கேள்வி அந்த அளவுக்கு எழவில்லை.

நம் சமூகம் அவருக்குப் பழகிய வழிகள் சிலவற்றை வைத்திருக்கிறது. குலதெய்வத்தின் முன் சத்தியம் செய்வது, கோயிலில் கயிறு கட்டிக்கொள்வது, மாலை போட்டு ஒரு மண்டலம் விரதம் இருப்பது, மாதாவிடம் நேர்ந்துகொள்வது. இவற்றை ஏளனம் செய்யக் கூடாது. பல ஆண்டுகளாகக் குடித்தவர் மாலை போட்ட நாட்களில் ஒரு சொட்டும் தொடாமல் இருப்பதை எல்லா ஊர்களிலும் பார்க்கலாம். அந்த நாட்களில் அவரைத் தாங்குவது என்ன என்று யோசிக்க வேண்டும். பக்தியோடு, காலையிலும் மாலையிலும் கூடும் சாமிமார்களின் கூட்டமும் அவரைத் தாங்குகிறது. மாலையைக் கழற்றியதும் அந்தக் கூட்டம் கலைந்துவிடுகிறது. விரதத்துக்கு முடிவு நாள் உண்டு. குடிநோய்க்கு அப்படி ஒரு நாள் கிடையாது.

உறுதிமொழி தோற்ற இடம்

இதே பாடத்தை அமெரிக்காவும் கற்றது. 1840இல் பால்டிமோர் நகரில் ஆறு குடிகாரர்கள் சேர்ந்து, இனிக் குடிப்பதில்லை என்று உறுதிமொழி எடுத்து, வாஷிங்டோனியர் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். தங்கள் கதையை மேடையில் சொல்லி மற்றவர்களையும் கையெழுத்திட வைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். ஆனால் அந்த இயக்கம் மதுவிலக்கு அரசியலுக்குள் இழுக்கப்பட்டு, வந்த வேகத்திலேயே கரைந்தது. கையெழுத்திட்டவரை மறுநாளும் மறுவாரமும் தாங்கிப்பிடிக்கும் நிலையான ஏற்பாடு அதனிடம் இல்லை.

அடுத்த நூற்றாண்டில் வந்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். நம் ஊர் உறுப்பினர்கள் சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். நியூயார்க்கின் பங்குச்சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சன், குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆன நிலையில், 1935 மே மாதம் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்கு வந்தார். வந்த காரியம் தோற்றுவிட்டது. தங்கியிருந்த மேஃப்ளவர் ஓட்டலின் மதுக்கூடம் அவரை இழுத்தது. தான் குடிக்காமல் இருக்க வேண்டுமானால் இன்னொரு குடிநோயாளியோடு பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஓட்டலில் இருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கினார். அந்த அழைப்புகள் ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற பெண்மணியிடம் கொண்டுசேர்த்தன. அவருக்குத் தெரிந்த அறுவை மருத்துவர் பாப் ஸ்மித் குடியால் சீரழிந்துகொண்டிருந்தார். கால் மணி நேரம் மட்டும் இருப்பேன் என்ற நிபந்தனையோடு வந்த மருத்துவர், பில்லோடு பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்த நாளாக நினைவுகூரப்படும் 1935 ஜூன் 10தான் இயக்கத்தின் தொடக்க நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பில் அந்த மருத்துவருக்கு அறிவுரை சொல்லப் போகவில்லை; தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போனார். உதவி செய்பவருக்கே அந்த உதவி மருந்தாகிறது என்ற அடிப்படையின் மேல்தான் இயக்கம் முழுதும் நிற்கிறது. 1941இல் ஒரு பெரிய அமெரிக்க வார இதழில் ஜாக் அலெக்சாண்டர் எழுதிய கட்டுரைக்குப் பின், சுமார் 2,000 ஆக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை அந்த ஆண்டுக்குள்ளேயே 8,000 ஆனது. 1957இல் இயக்கம் இந்தியாவுக்கு வந்தது. இன்று சுமார் 180 நாடுகளில் குழுக்கள் இயங்குகின்றன. அரசியல் சர்ச்சைகளில் தலையிடுவதில்லை, வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை, பத்திரிகைகளில் உறுப்பினரின் முழுப்பெயரை வெளியிடுவதில்லை என்ற நெறிகளை 1940களிலேயே வகுத்துக்கொண்டார்கள். வாஷிங்டோனியருக்கு நேர்ந்தது தங்களுக்கு நேராமல் அவர்கள் போட்ட வேலி அது.

அறைக்குள் நடப்பது

முதல்முறை போகிறவரை அதிகம் தயங்க வைப்பது, உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததுதான். நடப்பது மிக எளிது. தேவாலயக் கூடத்திலோ பள்ளி வகுப்பறையிலோ மருத்துவமனையின் ஓர் அறையிலோ சிலர் உட்கார்ந்திருப்பார்கள். சேர்க்கைக் கட்டணமும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் உறுப்பினராவதற்கான தகுதி. கூட்டத்தை நடத்துகிறவரும் ஒரு குடிநோயாளிதான். அந்தப் பொறுப்பு சுழற்சியில் வரும். பேசுகிறவர் தன் பெயரைச் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்று அறிமுகம் செய்துகொண்டு தன் அனுபவத்தைச் சொல்வார். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். அறிவுரையும் சொல்ல மாட்டார்கள். பேச விருப்பமில்லையென்றால் கேட்டுக்கொண்டிருக்கலாம். செலவுக்காக ஒரு பை சுற்றி வரும். புதியவர் அதில் பணம் போட வேண்டியதில்லை. முடிவில் டீ இருக்கும். பல நேரங்களில் அந்த டீ வேளையில்தான் உண்மையான பேச்சு தொடங்கும்.

கூட்டங்களில் இரண்டு வகை உண்டு. குடிநோயாளிகள் மட்டும் கலந்துகொள்வது ஒன்று. குடும்பத்தாரும் மாணவர்களும் மருத்துவர்களும் வந்து பார்க்கக்கூடிய திறந்த கூட்டம் மற்றொன்று. தயங்குகிறவர்கள் திறந்த கூட்டத்தில் தொடங்கலாம். சில வாரங்கள் போனபின், நெடுநாள் குடிக்காமல் இருக்கும் ஒருவரைத் தன் ஸ்பான்சராக இருக்கும்படி கேட்டுக்கொள்வது வழக்கம். குடிக்கத் தோன்றும் இரவில் அழைப்பதற்கான எண் அவருடையது.

வாழ்நாள் முழுக்கக் குடிக்க மாட்டேன் என்ற சபதத்தை அங்கே யாரும் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் மட்டும் குடிக்காமல் இருப்போம் என்பதே அங்கு புழங்கும் பேச்சு. சபதம் செய்து செய்து தோற்றவருக்கு அந்தச் சிறிய இலக்கே பெரிய ஆறுதல். வீட்டிலும் பஞ்சாயத்திலும் குற்றவாளியாக நின்றே பழகியவர், தான் செய்த கேவலத்தைவிட மோசமானதைச் செய்துவிட்டு, இன்று வேட்டியும் சட்டையும் சுத்தமாக எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரை முதல்முறையாக அங்கே பார்க்கிறார். எந்த மருத்துவராலும் தர முடியாத சான்று அது.

சான்றுகள் சொல்வது

இவை நெகிழ வைக்கும் கதைகள் மட்டும்தானா? பல ஆண்டுகள் இந்த ஐயம் நியாயமாகவே இருந்தது. கூட்டத்துக்குத் தொடர்ந்து போகிறவர்கள் ஏற்கெனவே மன உறுதி கூடியவர்களாக இருக்கலாம். அவர்கள் மீண்டதற்குக் குழுவைக் காரணம் காட்டுவது சரியா என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பின் 2006ஆம் ஆண்டு மதிப்பாய்வு, தெளிவான சான்று இல்லை என்றே முடித்தது.

2020இல் ஜான் கெல்லி, கீத் ஹம்ஃப்ரீஸ், மரிகா ஃபெரி மூவரும் அந்த மதிப்பாய்வைப் புதுப்பித்தார்கள். 27 ஆய்வுகள், அவற்றில் 10,565 பேர். இம்முறை விடை மாறியது. ஏ.ஏ.யில் சேரும்படி முறையாக வழிநடத்தப்பட்டவர்களில் ஓராண்டுக்குப் பின் 42 விழுக்காட்டினர் முற்றிலும் குடிக்காமல் இருந்தார்கள். மனநலத் துறையில் நன்கு நிறுவப்பட்ட மற்ற உளவியல் சிகிச்சைகளைப் பெற்றவர்களில் அது 35 விழுக்காடு. மருத்துவச் செலவும் குறைந்திருந்தது. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் சோதித்தது, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் ஒருவரைக் குழுவுக்குத் தயார்செய்து, அங்கே கொண்டுசேர்த்து, அவர் போனாரா என்று தொடர்ந்து கேட்கும் முறையை. ஆகவே அந்த 42 விழுக்காடு கூட்ட அறைக்கும், அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த கைக்கும் சேர்ந்து கிடைத்த மதிப்பெண்.

குழு எப்படி வேலை செய்கிறது என்பதையும் கெல்லியின் ஆய்வுகள் துருவிப் பார்த்தன. முதன்மையான காரணம் நட்பு வட்டம் மாறுவதே. குடிக்கும் கூட்டாளிகள் குறைந்து, குடிக்காத நண்பர்கள் கூடுகிறார்கள். ஆண்களிடம் இந்த விளைவு வலுவாக இருந்தது. பெண்களிடம், துயரமும் மனச்சோர்வும் வரும் வேளைகளில் குடிக்காமல் இருக்க முடியும் என்ற தன்னம்பிக்கை வளர்வது கூடுதலாக வெளிப்பட்டது. வேலை முடிந்ததும் நேராகக் கடைக்குப் போகும் கூட்டத்தோடு பத்து வருடம் பழகிய ஒரு கொத்தனாருக்கு, அந்த மாலை ஆறு மணியை நிரப்ப வேறு மனிதர்கள் வேண்டும் என்பதைத்தான் இந்த ஆய்வுகள் எண்களில் சொல்கின்றன.

முதலில் மருத்துவர்

குழு எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நம்புவது ஆபத்து. நெடுநாள் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள், இல்லாததைக் கண்டு மிரளும் கடுமையான மனக்குழப்பம் வரலாம். அது உயிரைப் பறிக்கக்கூடியது. வீட்டில் கட்டிப்போட்டு நிறுத்த வைப்பது உதவி ஆகாது. இந்த நாட்களை மருத்துவக் கண்காணிப்பில், உரிய மருந்துகளோடும் தயமின் என்னும் பி1 வைட்டமினோடும் கடக்க வேண்டும்.

குழு மட்டும் போதாது என்பதை 1991இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு உறுதிசெய்கிறது. குடிப்பிரச்சினை உள்ள 227 தொழிலாளர்களில் ஒரு பிரிவினர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பிரிவினர் ஏ.ஏ.வுக்கு மட்டும் அனுப்பப்பட்டார்கள். மூன்றாம் பிரிவினரிடம் தேர்வு விடப்பட்டது. குழுவுக்கு மட்டும் அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினரைப் பின்னர் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. முதலிலேயே மருத்துவமனைக்குப் போனவர்களில் மீண்டும் சேர்ந்தோர் 23 விழுக்காடு. மருத்துவமும் குழுவும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று அல்ல. முதலில் உடல் தெளிய வேண்டும்; பிறகு வாழ்க்கை தெளிய வேண்டும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைகளை மனநோய்க்கான வரையறைக்குள் கொண்டுவந்தது. குடிநோயாளிக்கு மரியாதையான சிகிச்சை பெறும் சட்டப்பூர்வ உரிமை இருக்கிறது. அடித்துத் திருத்துகிறோம், ஆளைத் தூக்கிக்கொண்டு வருகிறோம் என்று சொல்லும் இடங்களை நம்பிக் குடும்பத்தார் யாரையும் ஒப்படைக்க வேண்டாம்.

குடும்பம் எங்கே நிற்கிறது

நம் ஊரில் குடிநோய் ஒரு வீட்டின் நோய். பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் அல்-அனான் என்ற அமைப்பை உருவாக்கக் காரணமாக இருந்தார். குடிப்பவரின் மனைவி, பெற்றோர், பிள்ளைகள் தங்களுக்காகக் கூடும் குழு அது. குடிப்பவர் திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் தங்கள் மனத்தை நிலைநிறுத்திக்கொள்ள அது உதவுகிறது.

வேறு நாடுகள் குடும்பத்தை இன்னும் நெருக்கமாகச் சேர்த்தன. ஜப்பானில் 1963இல் நாடு தழுவிய அமைப்பாகத் திரண்ட டான்ஷுகாய் இயக்கத்தில் பெயரை மறைக்கும் வழக்கம் இல்லை. மனைவியும் அதே கூட்டத்தில் உட்கார்ந்து பேசுகிறார். மறுஆண்டு, இன்றைய குரோஷியாவின் ஜாக்ரெப் நகரில் விளாதிமிர் ஹுடோலின் தொடங்கிய மன்றங்களில் பல குடும்பங்கள் ஒன்றாகக் கூடின. அந்த முறை பின்னர் இத்தாலி முழுதும் பரவியது. ஒரே வார்ப்பில் எல்லாச் சமூகத்தையும் ஊற்ற முடியாது என்பதற்கு இவை சாட்சி.

தமிழ்நாட்டிலும் இதற்கு முன்னோடி உண்டு. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் பெயரில் ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அதன் டி.டி.கே. மருத்துவமனையில் நோயாளியோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை தருவது சிகிச்சையின் பகுதியானது. திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் நடந்த முகாம்களில் சிகிச்சை கிராமத்துக்கே போனது. சென்னைக்கு வந்து போக வசதியில்லாத விவசாயக் கூலிக்கு அது எவ்வளவு பெரிய வாசல் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெண் குடிநோயாளிகளின் நிலை இன்னும் கடினம். ஆண்கள் நிறைந்த அறைக்குள் ஒரு பெண் தனியே நுழைந்து தன் கதையைச் சொல்வது நம் ஊரில் எளிதல்ல. அமெரிக்காவில் ஜீன் கர்க்பாட்ரிக் 1970களில் பெண்களுக்கெனத் தனிக் குழுவைத் தொடங்கியதும் இந்தத் தேவையால்தான். இணையவழிக் கூட்டங்கள் இன்று இந்தத் தடையை ஓரளவு குறைக்கின்றன. வேறு சிலருக்குக் கடவுள் பேச்சு தடையாகலாம். இறைவனைப் பற்றிய பேச்சு ஏ.ஏ.யில் உண்டு; ஆனால் அவரவர் உணரும் சக்தி எதுவோ அதை வைத்துக்கொள்ளலாம் என்று அது விட்டுக்கொடுக்கிறது. அதுவும் ஒவ்வாத பகுத்தறிவாளர்களுக்கு 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெகவரி போன்ற குழுக்கள் இருக்கின்றன. எந்தக் கதவு என்பது இரண்டாம் பட்சம்; ஏதாவது ஒன்றில் நுழைவதே முதன்மை.

செய்ய வேண்டியவை

குழுவைத் தேடுகிறவருக்குச் சில வார்த்தைகள். சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் ஆலோசகரிடம், குழுவில் இருக்கும் ஒருவரைத் தொலைபேசியில் அறிமுகப்படுத்தும்படி கேளுங்கள். ஒரு கூட்டம் பிடிக்கவில்லையென்றால் வேறு இரண்டு மூன்று குழுக்களுக்குப் போய்ப் பாருங்கள். ஒவ்வொன்றின் மனநிலையும் வேறு. தொடக்க மாதங்களில் அடிக்கடி போவது நல்லது. பணம் கேட்கும் குழு, மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் குழு, அங்கே பேசியதை வெளியே பேசும் குழு ஆகியவற்றிலிருந்து விலகுங்கள். இடையில் மறுபடி குடித்துவிட்டால் வெட்கப்பட்டு ஒளிய வேண்டாம். அடுத்த கூட்டத்துக்குப் போய் அதையே சொல்லுங்கள். அந்த அறையில் இருப்பவர்களில் பலர் அதைக் கடந்து வந்தவர்கள்தான்.

மருத்துவர்களுக்கும் அரசுக்கும் ஒரு வேண்டுகோள். மருத்துவமனைகளுக்கு வந்து பேசுவதைத் தங்கள் கடமையாகவே குழு உறுப்பினர்கள் வைத்திருக்கிறார்கள். அதற்கு ஊதியம் கேட்பதில்லை. ஒவ்வொரு மாவட்ட அரசு மருத்துவமனையின் போதை மீட்புப் பிரிவிலும் வாரம் ஒருமுறை அவர்களுக்கு ஓர் அறை கொடுங்கள். யாரையும் வீட்டுக்கு அனுப்பும் முன் அந்த உறுப்பினர்களில் ஒருவரோடு பேச வையுங்கள். மது விற்பனையில் ஆண்டுக்கு 45,000 கோடிக்கு மேல் ஈட்டும் அரசுக்கு இது செலவே இல்லாத வேலை.

குடியை நிறுத்த விரும்புகிறவரும் அவர் வீட்டாரும் இன்றே பேசத் தொடங்கலாம். நடுவண் அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல உதவிக்கான டெலி-மானஸ் எண் 14416, அதில் தமிழிலும் பேசலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.